சிவப்பு மூடி... நீல மூடி!

ட்ரிங்... ட்ரிங்...

மலேசியாவின் பிரிஞ்சாங் மலையூர்க் குவார்ட்டர்ஸில் டாக்டர் பரமேஸ்வரி ரிசீவரை எடுத்தாள். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இன்னும் முடியாத காலை. தேநீர் பாதியில் ஆறிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா! கந்தசாமி பேசறேன்!" தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடும் டிரெசரின் குரல். "ஆஸ்பத்திரி பூட்ட ஒடச்சிட்டாங்க! ஐஸ்பெட்டிகிட்ட ஒரு ஆளு விழுந்து கெடக்குறாரு... அசைவே இல்ல!"

"யாரு?"

"நம்மகிட்ட ஊசி போட்டுக்கற ரெங்கசாமி!"

ரிசீவரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தாள்.

1988. ஏ வகையும் அல்லாத, பி வகையும் அல்லாத ஒரு காமாலை. சொந்தப் பெயர்கூட இல்லாத அந்த நோய், தோட்டத்தில் சிலரின் ஈரலைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றுபோல இரண்டு புது ஊசிமருந்துகள் வந்திருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீலம். எது மேல் என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு.

ஒரே ஒரு புட்டி ஆள் மாறிப் போனாலும் கோலாலம்பூர் மேலிடம் சோதனையை நிறுத்திவிடும். மருந்தும் நின்றுவிடும்... எல்லோருக்கும்!

ரெங்கசாமி சாகவில்லை.

மயக்கம் தெளிந்து, நேற்றைய ஊசியின் குளிரில் பற்கள் தந்தியடிக்க, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். எதிரே போலீஸ் கார்ப்பரல் நாகப்பன், கையில் உடைந்த பூட்டு.

"மருந்தத் திருடி டவுன்ல விக்கவா பாத்த?"

"ஐயோ, இல்லீங்கய்யா! மாத்தி வைக்கத்தான் வந்தேன்..."

"எத?"

"பேரு எழுதி ஒட்டுன பிளாஸ்தர. எம் பேர எம் பொஞ்சாதி புட்டியில, அவ பேர என்னுதுல..."

அவன் மனைவி வேலம்மாவுக்கும் அதே நோய்.

"ஏன் ரெங்கசாமி?" பரமேஸ்வரி களைப்போடு கேட்டாள்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, ஒடம்பு ஒதறுனா மருந்து வேல செய்யுதுன்னு! எனக்கு நல்லா ஒதறுது. அவளுக்கு ஒண்ணையும் காணோம். அவளுக்கு ஏத்தறது வெறுந்தண்ணிம்மா! நல்லத அவ போட்டுக்கட்டும்னு..."

பயம் தெளியப் பரமேஸ்வரி சொன்ன ஒரு வார்த்தை!

ஐஸ்பெட்டியைத் திறந்தாள். திரைக்குப் பின்னால் ஊசி ஏற்றுவதால், யாருக்கு எந்த மூடி என்பது அவளுக்கும் கந்தசாமிக்கும் மட்டுமே தெரியும்.

நீல மூடிப் புட்டியில் ரெங்கசாமியின் பெயர்.

சிவப்பு மூடிப் புட்டியில் வேலம்மாவின் பெயர்.

"கந்தசாமி... எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

"ஆமாங்க டாக்டர்... ரெங்கசாமிக்கு நீலம்தான்!"

"டேய், மாத்துனியா இல்லியா?" கார்ப்பரல் உறுமினான்.

"மாரியாத்தா மேல சத்தியமா மாத்துனேன்!"

மாற்றியிருக்கிறான். ஆனால் மாறவில்லை!

எப்படி...?

வாசலில் ஓர் அலறல்!

"அவர வுட்டுருங்கய்யா! மாத்துனது நான்தான்!"

வேலம்மா! ஆஸ்பத்திரியைக் கூட்டுபவள். விளக்குமாறு இன்னும் கையில் இருந்தது.

"நேத்து ஊசி போட்டு முடிச்சப்புறம், கூட்டறப்பவே மாத்திட்டேம்மா. ஊசி போட்டா எனக்குத்தான் ஒதறுது. இந்த மூலையிலயே சுருண்டு கெடந்துட்டு வீட்டுக்குப் போவேன். இந்த மனுசனுக்கு ஒண்ணுமில்ல. தண்ணிய ஏத்தறாங்கன்னு..."

ரெங்கசாமி எழுந்து உட்கார்ந்தான்.

"ஒனக்கு ஒதறுதா? எங்கிட்ட சொல்லவே இல்லியே, புள்ள!"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

"நான் தேயில ஃபேக்டரியில சாக்கப் போத்திக்கிட்டு ஒதறிட்டிருந்தேன்... நீ பயந்துடுவேன்னு..."

பரமேஸ்வரி ஸ்டூலில் தொப்பென்று அமர்ந்தாள். இருவரும் உதறலோடு தனித்தனியாக அவளிடம் வந்திருந்தார்கள். 'வீட்ல சொல்லிடாதீங்கம்மா' என்று கெஞ்சியிருந்தார்கள். இரண்டு ரகசியங்களையும் ஒழுங்காகக் காப்பாற்றியவள் அவள்தான்!

"அவ மாத்துனா. தெரியாம இவன் திரும்ப மாத்துனான்," என்றாள். "எல்லாம் பழைய எடத்துக்கே வந்துடுச்சு. மருந்து நிக்காது."

"அப்ப எதும்மா நல்ல மருந்து?" வேலம்மா மெல்லக் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் ஒதறவிடுது. இப்போதைக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

வேலம்மா கம்பளியை இழுத்துக் கணவனின் தோளை மூடினாள்.

கார்ப்பரல் உடைந்த பூட்டை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"அடுத்த சோதனைக்கு என்னையும் எம் பொஞ்சாதியையும் எடுத்துக்குங்க லா, டாக்டர்... எங்களுக்குள்ள ஒரு வாய் கோப்பிகூட கை மாறாது!"