டிக்கி காலிதான்

மூன்று மாதமாகச் சரியாக விழாத சத்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக விழுந்தது.

ணங்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். குழாய்த் தண்ணீர் ஒரு தட்டின் மேல் விழுந்து மணிக்கட்டில் தெறித்தது. பின்பக்க ஷெட்டிலிருந்து மறுபடியும் வந்தது அந்தச் சத்தம். ணங். கோயில் மணிபோல் இல்லை, ஆனால் அதற்குத் தம்பி முறை என்று சொல்லலாம். சுத்தமான, நீளமான ஒரு ரீங்காரம்.

அந்தச் சத்தத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பழைய காரின் டிக்கி மூடி முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள். உள்ளேயிருந்து வெளியே துருத்தியவை. "மகாராணிக்கு முகப்பரு. அதுவும் மூணு மூணா, அளந்து வெச்ச மாதிரி" என்பான் கணவன். அவற்றைத் தட்டி அமுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிக்கிக்குள் மல்லாந்து படுத்து, தகட்டுக்கு அடியில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் வெளியே நின்று சுத்தியலால் தட்ட வேண்டும். கட்டை சரியான இடத்தில் இருந்தால் ணங். ஒரு விரல்கடை தள்ளியிருந்தால் டொப்.

மூன்று மாதமும் டொப். கட்டை பிடித்தவள் அவள்.

சுத்தியல் சத்தத்துக்குப் பயந்து அவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வான். உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன் இடது உள்ளங்கை எப்போதும் தகட்டின் மேல் இருக்கும். உள்ளேயிருந்து இரண்டு தட்டு தட்டினால், நான் தயார். மூன்று தட்டினால், போதும், திற. ஏறிப் படுத்து மூடியை இழுத்துக்கொள்வது அவளால் முடியும். திறப்பதற்கு வெளியே மட்டும்தான் கைப்பிடி.

ணங்.

நான் இங்கே நிற்கிறேன், உள்ளே யார்?

ஈரக் கையோடு ஷெட்டுக்குப் போனாள். கணவன் மூடியின்மேல் குனிந்து, ரொம்ப நாளாக அவள் கேட்டிராத ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் இடது... ஆங், அங்கேதான்." தோளைத் தொட்டாள். திரும்பியவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக உருவிக்கொண்டு போயிற்று. பஞ்சை எடுத்தான்.

"நீ எப்ப வெளிய வந்த?"

"நான் எப்பங்க உள்ள போனேன்?"

"விளையாடாத. ரெண்டு தட்டு தட்டுனியே."

மூடியைத் தூக்கினார்கள். காலி. கிழிந்த விரிப்பு, துருத்தூள், நடுவில் இரும்புக் கட்டை. அவள் குனிந்து தொட்டாள். கட்டையின் ஒரு பக்கம் சுத்தியல் பட்ட சூட்டில் இருந்தது. மறு பக்கம் ஈரமாக, உள்ளங்கை வியர்த்த ஈரமாக இருந்தது. துருவும் மட்கிய கம்பளியும் கலந்த வழக்கமான நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை. யாரோ அப்போதுதான் தூங்கி எழுந்து போன படுக்கையின் வாடை.

"கட்டை எங்கேயோ முட்டுக்கொடுத்து நின்னிருக்கும்" என்றான் அவன். மருந்துக் கடையில் சீட்டு படிக்கிறவன். எந்தக் கிறுக்கலையும் ஏதோ ஒன்றாகப் படித்து முடித்துவிடுகிறவன். இதையும் படித்து முடித்தான்.

அவளால் முடியவில்லை. அவள் துணிச் சந்தையில், பேரம் நடுவே தொட்டில் கட்டி வளர்க்கப்பட்டவள். இந்தக் காரை வாங்கிய நாளிலேயே பேரம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் அவள் வாய்க்கு வந்த விலையைக் கேட்டாள். அது விலையே இல்லை, சும்மா கழுத்தைச் சொறிகிற மாதிரி ஓர் ஆரம்பம். அந்த ஆள் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைகளை இழுக்கவில்லை. "எடுத்துக்கோங்கம்மா" என்றார். ஒரு வியாபாரியின் மகளை அதைவிட அவமானப்படுத்த முடியாது. சாவியை நீட்டும்போது, யாரும் கேட்காமலே, "டிக்கி காலிதான்" என்று வேறு சொன்னார்.

கேட்காத கேள்விக்கு ஒரு கடைக்காரன் எதற்குப் பதில் சொல்லப்போகிறான்?

ஆனால் அப்போது அவளுக்கு இந்தக் கார் தேவைப்பட்டது. பதினோரு வருஷக் கல்யாணத்தில் பேச்சு வற்றி, 'பால் இருக்கு', 'கதவைப் பூட்டியாச்சு' என்ற அளவுக்கு வந்திருந்தது. குடும்ப டாக்டர், "ரெண்டு பேரும் சேந்து ஏதாவது பண்ணுங்க" என்றார். மனுஷன் சாயங்கால நடையைத்தான் சொல்லியிருப்பார். இவர்கள் ஓட்டைக் காரை வாங்கிவந்தார்கள். இது முடிவதற்குள் அவன் தன்னிடம் திரும்பிவிடுவான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். திட்டினாலும் பேச்சு பேச்சுதானே.

நடுவில், வண்டித் தகடு தட்டுகிற டிங்கர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூடியில் கை வைத்தார், எடுத்தார், "நாளைக்கு வரேன்" என்று போனவர் வரவேயில்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் என்பதால் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் அவளைக் கூப்பிடவில்லை.

"நான் வர வேணாமா?"

"வேணாம். நீ ரெஸ்ட் எடு."

"அப்ப கட்டையை யாரு பிடிக்கறா?"

அவன் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தான். "பிடிக்குது."

"எதுங்க பிடிக்குது?"

"எனக்கு இந்த வண்டி முடியணும். அவ்வளவுதான். மூணு மாசம் நீ பிடிச்ச லட்சணத்துக்கு இது எவ்வளவோ தேவலை. சொன்ன பேச்சு கேக்குது. எதிர்ப் பேச்சு இல்ல. விடேன்."

விட்டாள். வேறென்ன செய்வது? அடுப்படியில் நின்று கேட்டாள். ணங், ணங் என்று வேலை சீராக நடந்தது. நடுநடுவே அவன் குரல் கேட்டது, சிரிப்புக் கேட்டது. ஒருநாள் ஷெட்டில் அவன் தன் சின்ன வயசுக் கதை ஒன்றை விலாவாரியாகச் சொல்வது கேட்டது; அவளிடம் சொல்லாத கதை. பயம் ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றும் அவள் நெஞ்சைக் கரித்தது. தன் கடை வாசலிலேயே நின்று தன் வாடிக்கையாளரை யாரோ அழைத்துப் போவதைப் பார்க்கிற எரிச்சல் அது.

"இன்னும் ஒரே ஒரு வரிசை" என்றான் அவன் நான்காம் ஞாயிறு காலையில். "இன்னைக்கு முடிஞ்சிடும்."

அன்று மத்தியானம் வானம் மூட்டமாகக் கிடந்தது. அவன் குளிக்கப் போயிருந்தபோது அவள் ஷெட்டுக்கு வந்தாள். மூடியைத் தூக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். காலி. கையை நீட்டித் துழாவியும் பார்த்தாள். காலிதான். திட்டம் சுலபமானது. தானே உள்ளே படுத்திருப்பது. அவன் வந்து தட்டும்போது கட்டையை ஒழுங்காகப் பிடிப்பது. வேலை முடிந்து மூடியைத் திறந்தால் தன் முகம். "எப்படி?" என்று கேட்டுச் சிரிக்க வேண்டும். இடத்தை விட்டுக்கொடுப்பவள் இல்லை அவள்.

ஏறிப் படுத்தாள். கட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மூடியை விரலளவு திறந்து வைத்தாள். அந்தப் படுக்கை வாடை மெல்லச் சூழ்ந்தது. வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. அவன் ஏதோ ராகத்தை முனகினான். சோப்பு மணம் இடுக்கு வழியாக வந்தது. பிறகு உள்ளே பார்க்காமலே, பழகிய கையால், மூடியை அமுக்கினான்.

டக்.

இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

இரண்டு தட்டு தட்டக் கட்டையைத் தூக்கினாள்.

அதற்கு முன் தட்டல் கேட்டது. இரண்டு. காதுக்குப் பக்கத்தில்.

"ஆங், வந்துட்டியா" என்றான் வெளியே.

ணங்.

அவள் கட்டை இன்னும் தகட்டைத் தொடவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கினாள். ஒதுங்க இடமில்லை. இடது பக்கம் தகடு. வலது பக்கம் தகடு இருக்க வேண்டிய இடத்தில், துணி. துணிக்குள் ஒரு தோள். அது சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை. அவளைப் போலவே மல்லாந்து படுத்திருந்தது.

ணங்.

கத்தினாள். "ஏங்க! நான் உள்ள இருக்கேங்க!" குரல் கம்பளியில் புதைந்தது. வெளியே பஞ்சு. அவன் முனகல் ராகம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

தட்ட வேண்டும். அவன் கை தகட்டில் இருக்கும். தட்டினால் தெரியும். மேலே தடவினாள். வழவழப்பு. அவன் தட்டிச் சமன் செய்த பகுதி. இன்னும் மேலே, தலைப் பக்கம், பாக்கியிருந்த கடைசி வரிசை. வெளியே அது பரு. உள்ளேயிருந்து தொட்டால் பள்ளம். கட்டையின் முனை அளவுக்கு. ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் இடைவெளி. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் விரல்கள் நின்றன.

போதும், திற.

இதற்கு முன் எத்தனை பேர்?

கட்டையைத் திருப்பிப் பிடித்தாள். முனையால், இருந்த பலமெல்லாம் சேர்த்து, ஓங்கி இடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. தகடு வெளிப்பக்கம் பிதுங்குவது கையில் தெரிந்தது.

சுத்தியல் நின்றது.

முனகலும் நின்றது.

அவன் உள்ளங்கை தகட்டின்மேல் நகர்வது கேட்டது. தேடியது. அவள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஒரு தகடு கனத்துக்கு அந்தப் பக்கம். கைப்பிடி லேசாக அசைந்தது.

பக்கத்தில் அந்தத் தோள் கொஞ்சம் உயர்ந்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

இரண்டு தட்டு.

"சரி, சரி" என்றான் அவன், செல்லமாக. கைப்பிடி பழைய நிலைக்குத் திரும்பியது. உள்ளங்கை மறுபடி தடவியது, புதிதாய் முளைத்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. "அட, இங்க இன்னும் மூணு பாக்கி. நான் கவனிக்கவே இல்ல பாரு."

அவள் கையைச் சுற்றி வேறு விரல்கள் மூடின. கட்டையோடு சேர்த்து மெல்லத் தூக்கி, முதல் பள்ளத்தின் மேல் சரியாகப் பொருத்தின.

ணங்.

விரல்கள் நகர்த்தின.

ணங்.

"ஆங்" என்றான் அவன். "அங்கேதான்."