மூன்றாவது ஸ்லாட்

1999 அக்டோபர் 20, புதன்கிழமை. காலை 9:20.

சித்ரலேகா ரூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தின் மாடி அறை அது. தென்காசிக் கிளைக்கும் நாகர்கோவில் கிளைக்கும் என்ன மருந்து வேண்டும் என்ற தகவல் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வந்து சேரும். பெட்டியின் முதுகில் வரிசையாக ஸ்லாட்டுகள். தேவைக்குத் தக்க கார்டுகளை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். மூன்றாவது ஸ்லாட்டில் இருந்த கார்டுதான் இரண்டு கிளைகளையும் இணைத்தது. இப்போது அந்த இடத்தில் வெறும் மூடித் தகடு. கேபிள் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கார்டைக் காணோம்" என்றாள். 

முதலாளி கார்த்திகேசன் ஓடி வந்தார். மேலாளர் அருணாசலம் வந்தார். பின்னாலேயே போலீஸும் வந்தது. அருணாசலம் வேறு யாருமல்ல, சித்ரலேகாவின் தாய்மாமன். அவள் படிப்பை முடித்ததும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அலுவலகத்தில் மட்டும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள்.

இன்ஸ்பெக்டர் சாரம்மாள் உவரிக்காரர். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல எதையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"சாவி யார்ட்ட?"

"எங்கிட்டதான் மேடம்."

"வேற சாவி?"

"கிடையாது."

"கடைசியா எப்பப் பூட்டுன?"

"திங்கக்கெழம சாயந்திரம், ஆயுதபூசை முடிஞ்சதும். நேத்து லீவு. இப்பதான் தொறக்கேன்."

பூட்டில் ஒரு கீறல் இல்லை. அறைக்கு ஜன்னலே கிடையாது. கார்த்திகேசனுக்குப் பொறுமையும் கிடையாது.

"சாவி இவட்ட, சாமானைக் காணோம். பெறவு என்னம்மா விசாரணை?"

சாரம்மாள் அருணாசலத்தைப் பார்த்தார். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பைய வாயைத் திறந்தார்.

"எங்க அக்கா மவதான். அதுக்காக நியாயத்த மறைக்க முடியுமா? பூட்டுனதும் அவதான், சாவியும் அவட்டதான் இருந்துச்சு."

 கார்டு காணாமல் போனபோதுகூட சித்ரலேகா இப்படி ஆடிப்போகவில்லை.

அருணாசலம் முன்னின்று எல்லோருடைய மேசையையும் பையையும் போலீஸுக்குத் திறந்து காட்டினார். கார்டு அகப்படவில்லை. கார்த்திகேசன் சித்ரலேகாவின் பெயரைப் போட்டே புகார் எழுதிக் கொடுத்தார். பதினொரு மணிக்கு அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். சாயந்திரத்துக்குள் வேறு எதுவும் தெரியவில்லை என்றால் கைது என்று சாரம்மாள் வெளிப்படையாகவே சொன்னார்.

ஜீப் போன பிறகு அவர் மறுபடியும் மாடி ஏறினார். பெட்டிக்கு முன்னால் வாடிய செவ்வந்தி மாலை. முன்னும் பின்னும் சந்தனமும் குங்குமமும். மூன்றாவது ஸ்லாட்டின் முன்னால் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கணக்குப் பிரிவு ராஜராஜேஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எங்க வீட்டுல இந்தப் பூசை இல்ல. தெரியாமத்தான் கேக்கேன். பொட்டு வச்சது யாரு?"

"நாந்தான் மேடம். ஒரு தகடு விடாம முன்னாலயும் பின்னாலயும் வச்சேன்."

"கார்டு இல்லாம மூடி இருந்தது கண்ணுல படலியா?"

"எது கார்டு, எது மூடின்னு எனக்கு என்ன தெரியும்? எனக்கு எல்லாம் இரும்புதான்."

"பூசைக்குப் பெறவு மறுபடி பொட்டு வச்சியா?"

"இல்ல மேடம். மிச்சச் சந்தனத்த அப்பமே எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

"அந்நேரம் சித்ரா எங்கன நின்னா?"

"அவ எங்க இருந்தா? தென்காசிக் கிளைல பூசைக்கு மெசினை நிறுத்தக் காலைலயே போயிட்டா. நான் பொட்டு வச்சு மாலையும் போட்டு, சூடம் ஏத்துத நேரத்துலதான் பஸ்ஸ விட்டு எறங்கி ஓடி வந்தா."

"இங்கன நிறுத்துனது?"

"மேனேஜர் சார். அவ போன்ல சொல்லச் சொல்ல அவரே நிறுத்தினாரு. ரூமைத் தொடச்சதும் அவருதான். பூசை வேலைன்னா யாரையும் பக்கத்துல விட மாட்டாரு. அப்படி ஒரு பக்தி."

மதியம் மூன்று மணிக்கு ஜீப் திரும்பி வந்தது. சித்ரலேகாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. சாரம்மாள் எல்லோரையும் ரூட்டர் அறையில் நிறுத்தினார்.

"சொல்லு புள்ள. மெசின் ஓடிக்கிட்டிருக்கும்போது கார்டை உருவலாமா?"

"இந்த மாடல்ல முடியாது மேடம். நிறுத்திட்டுத்தான் உருவணும். இல்லன்னா நின்னுபோயி மொதல்லருந்து ஓட ஆரம்பிக்கும்."

"இது எப்பருந்து நிக்காம ஓடுதுன்னு பாரு."

அவள் தட்டினாள். திங்கள்கிழமை சாயந்திரத்திலிருந்து இடைவிடாமல் ஓடுவதாகத் திரையில் வந்தது. சாரம்மாள் அதையும் அப்படியே நம்பவில்லை. பெட்டியை விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு, சித்ரலேகா சொன்னதும் திரையில் வந்த வரியின் அர்த்தமும் சரிதானா என்று கேட்டார். சரி என்றார்கள்.

"அப்ப நீ பூட்டுனதுக்குப் பெறவு யாரும் கார்டைத் தொடல. நீ உள்பட" என்றார் சாரம்மாள். "அன்னைக்கு மெசினைப் போட்டதும் லைன் வரலன்னு தெரியலியா?"

"ரெண்டு கிளையிலயும் பூசைக்கு நிறுத்திட்டாங்கல்லா மேடம்? எப்படியும் லைன் வராது. முன்னால பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. பின்னால போயிப் பாக்காமலே பூட்டிட்டேன்."

"அதுதான் விசயம். எல்லா ஊர்லயும் ஒரே நாள் மெசினுக்கு ஓய்வு. அதனால யாருக்கும் தெரியல." சாரம்மாள் மூடித் தகட்டைக் காட்டினார். "இத எல்லாரும் பாத்தோம். இதுல பொட்டு இருக்கத யாரும் யோசிக்கல. பூசைக்குப் பெறவு மாட்டுன தகடுன்னா பொட்டு ஏது? ராஜராஜேஸ்வரி பொட்டு வைக்க வாரதுக்கு முன்னாலயே கார்டு போயிட்டு. அந்நேரம் சித்ரா தென்காசில. மெசின் நின்னதுக்கும் பொட்டு வச்சதுக்கும் நடுவுல இந்த ரூமுக்குள்ள இருந்தது ஒரே ஆளு."

அவர் திரும்பினார்.

"அண்ணாச்சி, எல்லார் மேசையையும் தொறந்து காட்டினிய. உங்க ரூம் பீரோவத் தொறக்கலியே?"

  அருணாசலம் தன் அறைக்குத் தளர்ந்த நடையில் போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அந்தக் கார்டு. அதன் ஊசிகள் மடங்கிக் கிடந்தன.

"திருடல" என்றார். "பூசைக்குத் தொடைக்கணும்னுதான் உருவினேன். ரெண்டு திருகுதான, இவ மாட்டுனதப் பாத்திருக்கேன்லா. ஈரத்துணியால தொடச்சேன். திரும்ப உள்ள போவல. அழுத்தினேன், மடங்கிட்டு. அந்தானைக்கு ஷெல்புல கெடந்த மூடிய மாட்டிட்டேன்."

"ஏன்வே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றார் கார்த்திகேசன்.

"இத்தன வருசத்துல உங்ககிட்ட ஒரு சொல்லு வாங்குனதில்ல அண்ணாச்சி. வெவரம் கெட்டவன்னு ஆபீஸே சிரிக்கும்லா. சாயந்திரம் மெசினைப் போட்டதும் இவளே கண்டுபிடிப்பா, ஏதோ பழுதுன்னு போயிரும்னு நெனச்சேன். இப்படி ஆவும்னு நெனைக்கல."

ராஜராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அதே திகைப்புதான். திருட்டாக இருந்திருந்தால்கூட அவர்களால் தாங்கியிருக்க முடியும்.

சித்ரலேகா அவருக்கு முன்னால் போய் நின்றாள். அந்த அலுவலகத்துக்குள் முதல்முறையாக ‘சார்’ போயிற்று.

"மாமா, நாந்தான் எடுத்தேன்னு வீட்டுக்குப் போன் போட்டியளா?"

அவர் கார்டை மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"அம்மா ஸ்டேசனுக்கு வந்தா. எல்லார் முன்னாலயும் என் காலப் புடிச்சு, ‘எடுத்திருந்தாக் குடுத்துருட்டி’ன்னு அழுதா. நான் எடுக்கலம்மான்னு எத்தனை தடவ சொல்லியும் கேக்கல. எந் தம்பி பொய் சொல்ல மாட்டான்ங்கா, மாமா."