ந. இதழி

எங்கள் ஊரில் காலையில் பால் எடுக்கப் போனாலும் முதலில் பெயரைச் சொல்லியாகவேண்டும். பால் இயந்திரம், லிஃப்ட், பள்ளிக்கூட கேட், மருந்துக்கடைக் கதவு எல்லாம் பெயருக்குத்தான் திறக்கும். பெயர் என்றால் வெறும் பெயர் இல்லை, களம். டொமைன் என்று அந்தக் காலத்தில் வலைத்தளங்களுக்கு மட்டும் இருந்ததாம். இப்போது களம் இல்லாதவன் ஆளே இல்லை.

குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும். அப்பாவின் களத்துக்குக் கீழே உட்களமாக, அதாவது சப்டொமைனாக வைத்தால், அவர் சேர்த்த நம்பிக்கையெல்லாம் பிள்ளைக்கும் வரும். எந்தக் கதவும் சட்டென்று திறக்கும். தனிக்களம் என்றால் ஒன்றுமில்லாமல் தொடங்கவேண்டும். ஒவ்வொரு கதவும் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வழிவிடும். ஊரே உட்களம் எடுத்தபோது, என் மகளுக்குத் தனிக்களம்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

காரணம் என் வீட்டுக்காரர் நவநீதன். கோவையில் கதவு மெக்கானிக். களம் முடக்கப்பட்டவர்கள் சொந்த வீட்டுக்குள் போக முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த மனுஷனுக்குப் பொறுக்காது. பூட்டைக் கழற்றித் திறந்துவிட்டு வருவார். அது குற்றம். கிளையில், அதாவது உட்களத்தில், தவறு நடந்தாலும் அதைத் தாங்கும் வேர்க்களத்தைத்தான் முடக்குவார்கள். வேரோடு கீழே உள்ள அத்தனையும் போகும். இவர் என்றைக்காவது மாட்டுவார், பிள்ளையாவது தப்பட்டும் என்றுதான் அத்தனை பிடிவாதம் பிடித்தேன்.

நேற்று மாட்டினார். இன்று காலை பள்ளிக்கூட கேட் என் மகள் இதழிக்குத் திறக்கவில்லை. மூவரும் களங்களைப் பதியும் பெயராணையத்துக்கு ஓடினோம்.

"ஏனுங் மேடம், தப்புப் பண்ணுனது அவருங்க. புள்ளைக்குத் தனிக்களமாச்சுங்களே" என்றேன்.

அங்கிருந்த அலுவலர் அம்மாள் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 'ந.இதழி' என்று இருந்தது.

"புள்ளிக்கு வலது பக்கம் இருக்கறது வேர். இடது பக்கம் இருக்கறது கிளை. உங்க வீட்டுக்காரர் களம் இத்தனை வருஷமா குழந்தைக்குக் கீழதான் இருக்கு. அவர் பண்ணுனதுக்கு இவதான் பொறுப்பு."

இதழிக்கு ஐந்து வயது. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"வாசுகி, நாந்தான் அப்படித் தட்டுனேன்" என்றார் நவநீதன். "நீ ஆஸ்பத்திரி பெட்ல இருந்த. தனிக்களமேதான் கேட்டேன். ஆனா இனிஷியல் இல்லாம புள்ளை பேர எழுதக் கை வரல. ந போட்டு ஒரு புள்ளி வெச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். பாழாய்ப்போன இனிஷியல். அவர் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

"வேற வழியே இல்லீங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள வேர் கிளையை வெட்டிடலாம். குழந்தையே தன் குரல்ல சொல்லணும், இவர் எனக்கு யாருமில்லைன்னு. ஒரே ஒரு தடவைதான் பதிவாகும். பச்சை விளக்கு எரியற வரைக்கும் பதிவு ஓடும். நடுவுல அப்பாங்கற வார்த்தை வந்துட்டா அப்புறம் எப்பவும் வெட்ட முடியாது."

"வெட்டுனா இவருக்கு?"

"இவர் களம் மட்டும் போகும்."

வெட்டாவிட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எதுவும் என் மகளுக்குத் திறக்காது. நவநீதன் யோசிக்கவே இல்லை. வராந்தாவில் மண்டிபோட்டு மகளை முன்னால் நிறுத்திக்கொண்டார்.

"தங்கம், ஒரு விளையாட்டு. அந்த மைக்ல, 'நவநீதன் எனக்கு யாருமில்லை'ன்னு தப்பில்லாம சொல்லணும். சொல்லிட்டு வாயே திறக்கக்கூடாது. சொன்னா நீ ஜெயிச்ச."

"நவநீதன் நீங்கதானப்பா?"

"விளையாட்டுல வேற நவநீதன், சாமி."

அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'யாருமில்லை' சரியாக வரும்வரை அவர் விடவில்லை. அந்த வார்த்தையைத் தன் பிள்ளையின் வாயில் அத்தனை பொறுமையாக ஏற்றிவிட எப்படித்தான் அவருக்கு மனம் வந்ததோ, என்னால் நின்று கேட்க முடியவில்லை.

அறைக்குள் போனோம். மஞ்சள் விளக்கு எரிந்தது. இதழி கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"நவநீதன் எனக்கு யாருமில்லை."

விளக்கு இன்னும் மஞ்சளிலேயே இருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். நான் எட்டி அவள் வாயைப் பொத்துவதற்குள்,

"கரெக்டா சொன்னனாப்பா?" என்றாள்.

விளக்கு சிவப்பானது. அலுவலர் அம்மாள் குனிந்துகொண்டார்.

"கரெக்டாத்தான் சொன்ன, சாமி" என்று நவநீதன் அவளைத் தூக்கிக்கொண்டார்.