ஏழு கமே திரும்பும் நாள்

உச்சி வெயிலில்தான் கொலாஷ் மலையேறி வந்தான். முந்தின இரவின் மழையில் நனைந்த சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அண்ணன் பல்தசாரின் வீட்டுக்குப் பின்னால், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிப்பதற்காக மண்ணால் கட்டிய வேர்வைக் குடிலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இந்நேரத்தில் யார் குளிக்கிறார்கள்?

அண்ணி தாலின் பாயில் உட்கார்ந்து முள்முருங்கையின் சிவப்பு விதைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே நாள் எண்ணிச் சொல்பவள் அவள்.

"வாங்க தம்பி. கடலோரக் கரும்புக் காடு உங்களை நல்லாத்தான் வறுத்தெடுத்திருக்கு."

"கேலி இருக்கட்டும் அண்ணி. சோளக்காட்டை என் பேருக்கு மாத்திக் குடுங்க. வடக்கே எல்லை தாண்டிப் போன அண்ணன் இனி எங்க வரப்போறாரு?"

"வந்துட்டாரே. குளிச்சிட்டு இருக்காரு."

கொலாஷ் குடிலின் புகையைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணன் வடக்கே போய்விட்டதாக ஊரை நம்பவைத்ததே அவன்தான். போன கல்லறைத் திருநாளன்று, செத்தவர்களை வரவேற்க ஊரே கல்லறைத் தோட்டத்தில் பட்டம் விடப் போயிருந்தபோது, அதே குடிலுக்குள் அரிவாளோடு நுழைந்தான். முதல் வெட்டைத் தடுத்த அண்ணனின் வலது கை மணிக்கட்டோடு துண்டாகித் தணலில் விழுந்து பொரிந்தது. இரண்டாவது தோளைப் பிளந்தது. மூன்றாவது கழுத்தில். உடலையும் அரிவாளையும் சேர்த்துக் குடிலின் தரைக்கடியில் புதைத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிவிட்டான்.

செத்தவர் வருவது அடுத்த கல்லறைத் திருநாளுக்குத்தானே? அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் காட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காலண்டரைப் பார்த்துத்தான் வந்திருந்தான்.

"இன்னிக்கு என்ன நாள் தம்பி?"

"ஜூலை இருபது."

"அது சுவத்துல தொங்குற காகிதத்துக்கு. நம்ம பழைய கணக்குல நாளுக்கு எண்ணு ஒண்ணுலேருந்து பதிமூணு வரைக்கும், பேரு இருபது. ரெண்டும் சேர்ந்தே நடக்கும். பிரிஞ்ச ஜோடி மறுபடி சேர இருநூத்தி அறுபது நாளாகும். உங்க அண்ணன் போனது ஏழு கமே. கமேன்னா சாவோட நாள்." கடைசி விதையை வைத்தாள். "இன்னிக்கும் ஏழு கமே. நாளும் ஆளு மாதிரிதான். முதுகுல ஏத்தின சுமையைத் தூக்கிட்டுத் திரும்பி வரும். உங்க வருஷம் முடியட்டும்னு காத்திருக்காது."

குடிலின் தரையைத் தோண்டிவிட்டாளா? அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

கொலாஷ் குடிலுக்குள் தவழ்ந்து நுழைந்தான். பைன் புகை. அதற்கடியில் பச்சை ரத்தத்தின் வாடை. தரை அவன் மிதித்து இறுக்கியபடியே கிடந்தது. பெருமூச்சு விட்டான்.

ஊற்ற ஆளில்லாமலே, சுட்ட கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது.

"தம்பி… முதுகு தேச்சு விடேன்."

அவன் வலது கையைத் தரையில் ஊன்றித் திரும்பினான்.

கீழிருந்து மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது இரும்பு.

ஒரே வெட்டு.

கை தணலில் விழுந்தது. விரல்கள் இரண்டு முறை மடங்கி விரிந்தன. பொரியும் சத்தம் கேட்டது.

அலறிக்கொண்டு பின்வாங்கியவனின் கணுக்காலை ஏதோ பற்றியது. ஒரே ஒரு கைதான். இடது கை. உதைத்தான், மீண்டும் உதைத்தான், பிடி நழுவியது. ரத்தம் பீறிட வெளியே உருண்டு வந்து, வலது கையூன்றி எழப் பார்த்தான். ஊன்றக் கை இல்லை.

தாலின் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து, அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள்.

"ஒண்ணுதானா?" என்றாள். "மூணு வெட்டு விழுந்ததுன்னுல்ல அவரு சொன்னாரு."

"அண்ணி… என்னைக் காப்பாத்துங்க…"

"நாளைக்கு எட்டு, மானோட நாள். நல்லா ஓடுவீங்க தம்பி. ஓடுங்க."

கடலோர நகரத்து மருத்துவமனையில் அவனுக்கு நினைவு திரும்பியபோது, இடது கை இறுக மூடியிருந்தது. தாதி ஒவ்வொரு விரலாக நெம்பித் திறந்தாள்.

உள்ளே இரண்டு சிவப்பு விதைகள். தணலிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சுட்டன.