நாலு பேருக்கும் ஒரே பாட்டு

தானே ஓடும் தானூர்தியின் கதவு மூடியதும் வழக்கம்போல ஆளுக்கொரு உலகத்துக்குள் போய்விட்டார்கள். மகள் ஜெனிலா எதையோ கேட்டுச் சிரித்தாள். மகன் ஆல்பின் தொடையில் தாளம் போட்டான். எஸ்தரின் காதில் செய்தி ஓடியது. அவள் கணவர் செல்வின் மட்டும் ஜன்னல் வழியே நாகர்கோவிலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எல்லோர் காதுக்குள்ளும் அவரவர்க்கு மட்டும் ஒலிக்கும் செவிச்சில்லு வந்தபிறகு வண்டிகளில் ஸ்பீக்கர் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். செல்வினின் காது அந்தச் சில்லை ஏற்கவில்லை. போன வருடம் அதை எடுத்துவிட்டார்கள்.

“பிள்ளை சிரிக்கத பாத்துட்டே வாறேன். எதுக்குன்னுதான் தெரியல,” என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எஸ்தருக்குச் சுருக்கென்றது.

வடசேரியில் ஒரு பழைய சாமான் கடையில் காம்போனென்ட் ஸ்பீக்கர் செட் ஒன்றைப் பிடித்தாள். கதவுகளுக்குப் பெரியவை இரண்டு, கண்ணாடியோரத்துக்கு, கீச்சொலிகளை மட்டும் தரும் குட்டி ட்வீட்டர் இரண்டு. கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் கிடைத்தது.

“இந்த ஒலி எந்தச் செவிக்கு?” என்று கேட்டது வண்டியின் கணினி.

“எல்லாருக்கும்.”

அப்படி ஒரு பதில் அதற்குப் புரியவில்லை. எஸ்தரும் செல்வினும் கணினியைத் தொடாமல் பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்தார்கள். எஸ்தர் ஆசையாய்ச் சத்தத்தைக் கூட்டினாள். பாட்டு கரகரவென்று கிழிந்தது.

“ஏட்டி, குறை! ட்வீட்டர் எரிஞ்சிரும்!” செல்வின் பதறினார். “சின்ன ஆம்ப் சக்திக்கு மேல கத்துனா ஒலி அலையோட தலைய வெட்டிரும். அந்தச் சூடு ட்வீட்டருக்குத்தான் ஏறும்.”

“அப்போ இருக்கதுலயே பெரிசா வாங்கிருவோமா?”

“அதுவும் ஆபத்து. இந்த ஸ்பீக்கரோட மின்தடை நாலு ஓம். விடாம எழுபது வாட் தாங்கும். நாலு ஓம்ல அதே அளவு தரதா பாத்தா போதும்.”

மார்த்தாண்டம்வரை அலைந்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். செல்வின் ஆம்ப்பின் ஒலித் திருகை மெல்ல மெல்லக் கூட்டி, பாட்டு கரகரக்கத் தொடங்கியதும் சற்றே பின்வாங்கி நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் சில்லை அணைத்துவிட்டு ஏறினார்கள். ஜெனிலா தன் நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டாள். ஒரே இடத்தில் நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள்.

சுசீந்திரம் தாண்டியதும் சண்டை வந்தது.

“அடுத்தது எனக்க பாட்டு!” என்றான் ஆல்பின்.

“சும்மா இருல, அம்மைக்குத்தான் மொதல்ல,” என்றாள் எஸ்தர்.

அந்த வண்டிக்குள் அப்படியொரு சண்டை நடந்ததே இல்லை. அவரவர் காதுக்குள் ஒதுங்கிப்போக யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரையும்விட உரக்கக் கத்தி, செல்வின்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.