கோட்டுக் கையில் நீலக் கறை

“பெட்டியில வெச்ச பாச்சை உருண்டை தேயுதே, அதை யாரும்மா திங்கிறா?”

ஸ்டோர் அம்மாவின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி. ஆய்வகத்தின் பொருள் கிடங்கைக் கவனித்துவந்த ஸ்டோர் அம்மாவுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் தலைமை விஞ்ஞானியிடமே கேட்டுவிட்டார்.

“பெரும்பாலும் காத்துல போயிடும்மா. ஆனா அதைத் திங்கிற கிருமியும் மண்ணுல உண்டு. அதுக்குள்ள இருக்கிற ஒரு நொதி, உருண்டையோட வளையத்துல ஆக்ஸிஜனைக் கோத்து உடைக்க ஆரம்பிக்கும். அந்த நொதியை நாங்க வேறொரு கிருமிக்குள்ள குடி வெச்சிருக்கோம். அதுக்குக் கொழுத்த சாப்பாடு போட்டா சாயப்பட்டறையே நடத்தும்” என்று சிரித்தார் அவர்.

பத்து வருடம் கழித்து, அந்தக் கிருமிதான் காணாமல் போனது.

திங்கட்கிழமை, காலை 8.40. ஃப்ரீசரில் இருந்த கடைசிக் குப்பி இல்லை. சனிக்கிழமை அங்கே பனிக்கட்டியைச் சுரண்டித் துடைத்தவர் துப்புரவு அக்கா.

“குப்பையோட வாரிக் கொட்டிருப்பா. பன்னிரண்டு மணிக்கு அவளை வேலையை விட்டு நிறுத்திக் கடிதம் குடுத்துடுறேன்” என்றார் தலைமை விஞ்ஞானி.

9.15. அக்கா கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

“குப்பியைப் பாத்தீங்களாக்கா?”

“நான் திறந்தப்பவே அந்தத் தட்டு காலிம்மா. சொன்னா யாரு கேக்குறா? வீட்ல அவருக்குக் கால் விழுந்து கிடக்கு. இந்த வேலையும் போச்சுன்னா...”

ஸ்டோர் அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு அமில பாட்டிலை நழுவவிட்டார். “நீங்க போய்க் கையைக் கழுவுங்கம்மா” என்று சொல்லி, அக்காதான் அதைச் சத்தமில்லாமல் சுத்தம் செய்தார். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்காட்டியதும் இல்லை.

10.05. திங்கட்கிழமைதோறும் சலவைக்குப் போகும் வெள்ளைக் கோட்டுகளை எண்ணுவது ஸ்டோர் அம்மாவின் வேலை. எட்டாவது கோட்டு ஈரத்தோடு சுருண்டிருந்தது. புளித்த சூப்பு வாடை. வலது கை நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், கறை அசையவில்லை. கழுத்துப்பட்டையில் இருந்த எண், ‘ஒட்டகம்’ என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டை ஆராய்ச்சியாளருடையது.

10.20.

“இது என்ன கறை தம்பி?”

“பேனா கசிஞ்சுடுச்சும்மா.”

“எந்தப் பேனா?”

“நீங்க குடுக்கிற பேனாதான்.”

“பதிவேட்டுல கறுப்பு மையிலதான் எழுதணும்னு இங்க சட்டம். இத்தனை வருஷத்துல நான் ஒரு நீலப் பேனா வாங்கினதில்லை.”

ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டது.

“புதுசா வளர்க்கலாம்னு வெள்ளிக்கிழமை குப்பியை முழுசா சத்துச் சாறுல கொட்டினேம்மா. குடுவை கைநழுவி உடைஞ்சுடுச்சு. பயத்துல கண்ணாடியை அள்ளிப் போட்டுட்டு, நனைஞ்ச கோட்டைச் சுருட்டிச் சலவைத் துணி அலமாரியில திணிச்சுட்டேன். அக்கா மேல பழி விழும்னு நினைக்கலை.”

“காலையில விழுந்துச்சே. அப்ப வாயைத் தெச்சா வெச்சிருந்தீங்க?”

ஸ்டோர் அம்மா கோட்டுக் கையை அவன் முன்னால் விரித்தார்.

“கொழுத்த சாப்பாடு போட்டா அந்தக் கிருமி நடத்தும்னு ஐயா சொன்ன சாயப்பட்டறை இதுதானே?”

ஒட்டகம் நிமிர்ந்து கறையைப் பார்த்தது. “ஆமாம்மா. சத்துச் சாறுல அந்தக் கிருமி இண்டோல்னு ஒண்ணைச் செய்யும். நொதி அதுலயும் ஆக்ஸிஜனைக் கோத்துடும். காத்துப் பட்டா நீலம். ஈரத்துல ரெண்டு மூணு நாளா வளர்ந்திருக்கு.”

“அப்ப இந்தத் துணியில அது இன்னும் உசுரோட இருக்குமா?”

அவன் வாய் பிளந்தது. தேடிய பொருளே சலவை மூட்டையில் கிடந்திருக்கிறது!

“இருக்கும்மா! மீட்டுடலாம்!”

“அப்ப பன்னிரண்டு மணி அடிக்கிறதுக்குள்ள ஐயா முன்னாடி போய் நில்லுங்க. என் பேரு வரக் கூடாது. நீங்களா வந்து சொன்னதா இருக்கட்டும்.”

11.35. கடிதம் நான்காகக் கிழிந்தது. ஒட்டகத்துக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது, ஆனால் அவன் வேலை தப்பியது. கோட்டுக் கையிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டில் புதன்கிழமை நீலப் புள்ளிகள் முளைத்தன.

அன்று கிடங்கைக் கூட்ட வந்த அக்கா சொன்னார்: “அந்த ஒட்டகத் தம்பிக்கு நல்ல மனசும்மா. யாரும் கேக்காமலே, தானா போய் ஒத்துக்கிட்டாரு.”

“ஆமாக்கா, நல்ல புள்ள.”

நடந்ததைக் கடவுள் பார்த்திருப்பார். அது போதும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டோர் அம்மா கறுப்புப் பேனாக்களை எண்ணத் தொடங்கினார்.