படத்தில் மிஞ்சிய கை

அவசரக்குடுக்கை என்ற பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பத்து வயதுக்குள் இரண்டு முறை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். வீட்டில் சுருக்கமாக, குடுக்கை.

அவளுடைய அப்பா பாப்டிஸ்ட் சபையின் போதகர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நூறு வயது. சபை தெருவுக்குச் செய்த உதவிகளைப் படங்களாக மாட்டும் வேலை குடுக்கைக்குக் கிடைத்தது. மருத்துவ முகாம், மாலை வகுப்பு எல்லாம் சமர்த்தாகச் சட்டத்துக்குள் உட்கார்ந்தன. பழைய தண்ணீர்ப் பஞ்சப் படம் ஒன்றுதான் மக்கர் பண்ணியது. அது சட்டத்தைவிட இரண்டு விரல் அகலம்.

வேறு யாராக இருந்தாலும் அப்பாவைக் கேட்டிருப்பார்கள். குடுக்கை கத்தரிக்கோலை எடுத்தாள். ஓரத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா குப்பைக்கூடைக்குப் போனார். மறுநாள் குப்பை வண்டியும் வந்து போனது.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வந்தார். அவர் சபைக்கு வருகிறவர் இல்லை.

"குடுக்கை, தண்ணிப் பஞ்சத்தப்போ எடுத்த படம் இருக்காமே? எங்க அம்மா அதுல இருக்காங்களாம். அவங்க இறந்து மூணு வருஷமாச்சு. கேமராவைப் பார்த்தாலே ஓடிடுவாங்க, வீட்டுல ஒரு படம்கூட இல்ல. அன்னிக்குக் கையில வேலை, அதனால மாட்டிக்கிட்டாங்க."

"எ... எங்க நின்னாங்கக்கா?"

"ஓரமாத்தான். எப்பவும் அப்படித்தான் நிப்பாங்க."

குடுக்கை, "நாளைக்கு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடடா! அந்தப் படம் அது ஒண்ணுதாம்மா இருந்தது. நம்ம சபையில ஞானஸ்நானம்னா தண்ணியில முழுசா முங்கணும் இல்லையா? அதுக்குத்தானே மேடைக்குக் கீழே அவ்வளவு பெரிய தொட்டி. பஞ்சத்தப்போ அதுல லாரித் தண்ணியை நிரப்பித் தெருவுக்கே கொடுத்தாங்க. நாலு மாசம் யாருக்கும் ஞானஸ்நானமே கிடையாது. அந்த அம்மா நம்ம சபை இல்லம்மா. ஆனா தினமும் வந்து தண்ணியை அளந்து ஊத்தினது அவங்கதான்."

"என்னைத் திட்டுங்கப்பா."

"திட்டினா படம் ஒட்டிக்குமா?"

குடுக்கை தையல்கார அக்கா வீட்டுக்குப் போனாள். "அக்கா, படத்துல உங்க அம்மா இருந்த ஓரத்தை நான் வெட்டிப் போட்டுட்டேன். குப்பை வண்டியில போயிடுச்சு."

தையல் மெஷின் நின்றது. அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "நீ போ" என்றார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது குடுக்கைக்கு.

திரும்பி வந்து படத்தையே பார்த்தாள். வெட்டிய ஓரத்தில் ஒரு கை மட்டும் மிஞ்சியிருந்தது. அது குவளையைப் பிடித்துக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. குடுக்கை ஓர் அட்டையை எடுத்தாள். இந்த முறை அவசரப்படாமல் எழுதினாள்.

"இது தையல்கார அக்காவின் அம்மாவுடைய கை. நாலு மாதம் நம் தெருவுக்குத் தண்ணீர் அளந்தது. மீதிப் படத்தை வெட்டி எறிந்தவள் நான், போதகர் மகள்."

அப்பா படித்துப் பார்த்தார். "கடைசி வரி வேணுமாம்மா? நாளைக்குத் தெருவே வந்து படிக்கும்."

"அது இல்லேன்னா கேமராக்காரர் ஒழுங்கா எடுக்கலைன்னு நினைப்பாங்கப்பா. பாவம், அவர் என்ன பண்ணுவார்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் படங்களைச் சுற்றி நின்றது. தையல்கார அக்கா வரமாட்டார் என்றே குடுக்கை நினைத்தாள். அவர் வந்தார். அட்டையை இரண்டு முறை படித்தார்.

"எனக்கு உன்மேல கோபம் இன்னும் போகல."

"தெரியும்க்கா" என்றாள் குடுக்கை, தலையைக் குனிந்துகொண்டு.

பின்னாலிருந்து பால்காரர் எட்டிப் பார்த்தார். "அட, அந்த அம்மாவா! ஒரு குவளை அதிகமா கேட்டேன்னு என்னை வரிசையோட கடைசிக்கு அனுப்பிட்டாங்களே!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுலயும் அதே கறார்தான்" என்று சொல்லும்போதே கண் கலங்கியது. அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

குடுக்கை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அக்கா உட்கார்ந்தார். கொஞ்சம் நகர்ந்து, "நீயும் உட்காரு. எங்க அம்மா எப்படி இருப்பாங்கன்னு சொல்றேன்" என்றார்.